மூன்று முகாம், ஒரே எண்

என்னிடம் இருக்கும் ஏழு நோட்டுகளையும் கூட்டினால் 3,812 வருகிறது. பணியில் இருந்த இருபத்தொன்பது ஆண்டுகளில் நான் சோதித்தவர்களின் எண்ணிக்கை அது. ஆனால் யார் கேட்டாலும் 3,811 என்றுதான் சொல்வேன்.

போன மாதம், எங்கள் பழைய துறையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். சிலேட்டுப் பலகை போன்ற ஒரு கணினியைக் காட்டினார். பிள்ளைகள் விரலால் தொட்டுத் தொட்டுப் பதில் சொல்கிறார்கள். சோதனை முடிந்த நான்காவது நொடியில் அறிவுத்திறன் எண் திரையில் வந்துவிடுகிறது. நான் என் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நான்கேதான். "உங்க காலத்துல நடந்த ஒரு கேஸ எழுதிக் குடுங்க சார், நாங்க எல்லாரும் படிப்போம்" என்றார். கிளம்பும்போது, நோட்டுக் கணக்கில் ஏன் ஒன்று குறைகிறது என்றும் கேட்டார். அவர் கேட்ட இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

மனோதத்துவத்தில் எம்.ஏ. படித்தேன். பெரிய மருத்துவமனை ஒன்றில் ஓராண்டு பயிற்சி. அந்த ஓராண்டில் கற்றது ஒன்றே ஒன்று: சோதிக்கிறவன் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. இருபத்தெட்டு வயதில் ஜவ்வாது மலை மருத்துவ முகாமில் சேர்த்தார்கள். எழுபதுகளின் கடைசி அது. நான்கு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, ஆலங்காயத்திலிருந்து ஏறும் சாலையோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முகாம் நடக்கும். ஜீப்பில் நாங்கள் மூன்று பேர். டாக்டரம்மா, நான், வாணியம்பாடிக்காரரான ஓட்டுநர் கரீம் பாய்.

என் கருவிகள் இரண்டு. ஒன்று மரப்பலகை. அதில் வட்டம், சதுரம், நட்சத்திரம், பிறை என்று பத்துக் குழிகள் வெட்டியிருக்கும். அதே வடிவத்தில் பத்துக் கட்டைகள். கட்டைகளை மூன்று அடுக்காக வைத்து, "சீக்கிரமா அதது இடத்துல வை" என்று சொல்லி ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். மூன்று முறை செய்யச் சொல்லி, அதில் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வேன். பிறகு சில கேள்விகள். எல்லாவற்றையும் சேர்த்து அட்டவணையில் பார்த்தால் அறிவுத்திறன் எண் கிடைத்துவிடும்; சராசரி நூறு. இரண்டாவது கருவி அந்த ஸ்டாப்வாட்ச். அதை இரவு தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவேன்.

டாக்டரம்மாவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தாய் பேசி முடிக்கும்வரை பேனா மூடியைத் திறக்க மாட்டார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டா?" நோயைப் பற்றிப் பிறகுதான் கேட்பார். நான் எழுதிக் கொடுக்கும் எண்ணைத் தம் தாளில் பென்சிலால் எழுதுவார். எனக்கு அது உறுத்தும். நான் மையில்தான் எழுதுவேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். "எண்ணு தப்பில்லப்பா. அன்னிக்கு அந்தப் பிள்ளை எப்படி இருந்துச்சுன்னு நமக்கு முழுசாத் தெரியாது இல்லையா" என்றார். என் வேலையில் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சென்னம்மா வந்தது நான் சேர்ந்த இரண்டாம் வருடம். பதினாறு வயது. சாமையும் புளியும் விளைவிக்கிற குடும்பம். ஏழு மைல் நடந்து வந்திருந்தார்கள். அப்பா கோவிந்தன், அம்மா ராமி. பெண்ணுக்கு ஆறு வயதிலிருந்து வலிப்பு. பேச்சும் புத்தியும் மெதுவாகத்தான் வளர்ந்திருந்தன. ஆறு மாதத்துக்கு முன் வலிப்பு வந்து அடுப்பில் விழுந்து இடது முழங்கை வெந்திருந்தது. தழும்பு நான்கு விரல் அகலம்.

பலகையை வைத்தேன். இரண்டாவது முறை ஐந்தாவது கட்டையை எடுத்தபோது வலிப்பு வந்து சாய்ந்துவிட்டாள். டாக்டரம்மா வந்து பார்த்துக்கொண்டார். எனக்கு வந்த கவலை வேறு. சோதனை பாழ். தாள் பாழ். வெளியே இன்னும் இருபத்திரண்டு பேர் வரிசையில். வாசலுக்குப் போய், எல்லோர் காதிலும் விழும்படிக் கோவிந்தனிடம் சொன்னேன்:

"நடுவுல வலிப்பு வந்தா கணக்கு செல்லாது. அடுத்த தடவை வலிப்பு வராம பாத்துக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா ஏழு மைலும் வீண்."

இந்த மூன்று வாக்கியத்தையும் நான் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். ஏன் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்பது பின்னால் தெரியும்.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். இரவில் மூன்று. இருபத்தெட்டு இரவுக்கு எண்பத்து நான்கு. எண்ணித் தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தது நான். அடுத்த முகாமுக்குக் காலி டப்பாவைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. மீதி இருந்தால், கொடுக்கத் தவறியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அடுத்த முகாமுக்கு வந்தார்கள். டப்பா காலி. வலிப்பு வரவில்லை. பலகையில் 52 நொடி. அதற்கடுத்த முகாமில் 53. அதற்கும் அடுத்து 51. மூன்று முறையும் டப்பா காலி. மூன்று முறையும் கேள்விகளுக்கு ஏறக்குறைய அதே பதில்கள், அதே நீளமான மௌனம். மூன்று முறையும் எண் 38. எவ்வளவு திடமான கணக்கு என்று எனக்குப் பெருமை. தாளை நீட்டினேன். டாக்டரம்மா மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மூணும் ஒண்ணாவே இருக்கே. மனுஷங்க இவ்வளவு ஒழுங்கா இருக்க மாட்டாங்களே."

அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ராமியிடம், "இவ்வளவு தூங்கி வழியறாளே, மாத்திரை எத்தனைம்மா குடுக்கறே?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னாப்பலதாங்க. மூணு."

"ஒண்ணு குறைச்சுப் பாப்பமா?"

ராமி பயந்துபோய் என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "வேணாங்க. அப்புறம் வலிப்பு வந்துடுச்சுன்னா?"

அந்தச் சமயத்தில்தான் காப்பகத்தின் பேச்சு எழுந்தது. மலைக்குக் கீழே ஒரு காப்பகம் இருந்தது. பெயர் வேண்டாம். ஐம்பதுக்குக் கீழ் எண் உள்ள பிள்ளைகளை இலவசமாக, ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்வார்கள். வருடத்துக்கு இரண்டு நாள் பெற்றோர் வந்து பார்க்கலாம். பெண்கள் பகுதியில் ஓர் இடம் காலியாக இருந்தது. மாத முடிவுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். கோவிந்தனுக்கு அடுப்புப் பயம். "நாங்க ரெண்டு பேரும் காட்டுக்குப் போய்ட்டா யார் சாமி பாக்கறது? அங்கன்னா நெருப்பு இல்ல, ஆள் இருக்கும்" என்றான். சென்னம்மா சுவரில் சாய்ந்து கண் பாதி மூடி உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் தாளில் அதற்கு இடம் இல்லை.

டாக்டரம்மா கையெழுத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். விண்ணப்பத்தில் அப்பாவின் கைநாட்டு வேண்டும் என்று நானே ஒரு வியாழக்கிழமை பஸ் பிடித்து, மலையேறி, ஏழு மைல் நடந்து போனேன். அடுத்த முகாமுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

வீட்டு முன்னால் புளி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் உட்கார்ந்து கல்லால் தட்டி ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடு ஒரு குவியல், கொட்டை ஒரு குவியல், புளி முறத்தில். கை தடுமாறாமல் போய்க்கொண்டிருந்தது. என் புத்தி எனக்குத் தெரியுமே, சட்டைப் பையில் இருந்த ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டேன். ஒரு நிமிடத்தில் ஆறு பழம். ஒரு கொட்டைகூட இடம் மாறி விழவில்லை. அப்போது அவள் நிமிர்ந்தாள். முழங்கைத் தழும்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"கட்டை சார் வந்துக்கிறாரு மா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். அவள் குரலை அவ்வளவு சத்தமாக நான் கேட்டதே இல்லை.

ராமி வெளியே வந்தாள். நான் கேட்டேன், "இவளுக்கு இன்னிக்கு மாத்திரை குடுக்கலையா?"

"குடுத்தேங்க. ராத்திரிக்கு ரெண்டு."

"மூணு இல்லையா?"

"ஒண்ணு எடுத்து வெச்சுடுவேங்க. கேம்பு நாளுக்கு."

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாக விளக்கினாள். ஒவ்வொரு இரவும் ஒன்றை மிச்சம் பிடிப்பாள். முகாமுக்கு முந்தைய மூன்று நாளில், சேர்த்தது முழுவதையும் காலை, மதியம், இரவு என்று கொடுத்துவிடுவாள்.

"நீங்கதான சொன்னீங்க? நடுவுல வலிப்பு வந்தா கணக்கு செல்லாது, வராம பாத்துக் கூட்டிட்டு வாங்கன்னு. அதான் நல்லா இறுக்கமாக் குடுத்துக் கூட்டிட்டு வருவேன். ஒரு வாட்டியாவது வந்துச்சுங்களா?"

நான் அங்கேயே கல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருபத்தைந்து இரவுக்கு இரண்டு இரண்டாக ஐம்பது. மீதி முப்பத்து நான்கு. மூன்று நாளில் முப்பத்து நான்கு மாத்திரை. மொத்தம் எண்பத்து நான்கு. டப்பா காலி. கணக்கு சரி. மூன்று முகாமிலும் நான் அளந்தது அந்த முப்பத்து நான்கு மாத்திரையை.

கோவிந்தன் அப்போதுதான் காட்டிலிருந்து வந்தான். "கைநாட்டு வைக்கணுமா சாமி?" என்று கட்டை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். நான் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

"வேணாம். அந்த மாத்திரைதான் உன் பொண்ண இப்படி மந்தமாக்கி வெச்சிருக்கு."

அவ்வளவுதான் சொன்னேன். நான்கு மணி பஸ்ஸை விட்டால் மலையிலேயே தங்க வேண்டும். மணி இரண்டேகால் ஆகியிருந்தது. மற்றதை முகாமில் பேசிக்கொள்ளலாம் என்று வேகமாக இறங்கிவிட்டேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பது பயிற்சி முடிக்காதவனுக்கும் தெரியும். இன்னொரு வாக்கியம் சொல்ல எனக்கு ஐந்து நொடி ஆகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை முகாமுக்கு அவர்கள்தான் முதலில் வந்தார்கள். சென்னம்மா தலை வாரி, பூ வைத்து, நிமிர்ந்து நடந்து வந்தாள். கோவிந்தனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டாக்டரம்மா ஜன்னலோரம் வேறொரு தாயிடம் பேசிக்கொண்டிருந்தார். புளிக்கொட்டை சமாச்சாரத்தையும் ராமி மாத்திரையை மிச்சம் பிடித்ததையும் அவரிடம் முந்தின வாரமே சொல்லியிருந்தேன். கடைசியாகச் சொன்ன வாக்கியத்தைச் சொல்லவில்லை.

"இன்னிக்கு வெச்சுப் பாருங்க சாமி உங்க கட்டைய" என்றான் கோவிந்தன்.

முதல் முறை 29 நொடி. இரண்டாம் முறை 26. மூன்றாவதற்கு அடுக்கி வைத்தேன். "இதுவும் அதேதான?" என்று கேட்டுச் சிரித்தாள். அழுத்தினேன். வட்டம், நட்சத்திரம், சதுரம், பிறை. எட்டாவது கட்டை கையில் இருக்கும்போது தலை இடதுபக்கம் திரும்பியது. கட்டை விழுந்தது.

நான் ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்துவிட்டேன். அதனால்தான் டாக்டரம்மா மண்டியிட்டபடி "எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டபோது என்னால் சொல்ல முடிந்தது.

"ஒரு நிமிஷம் நாப்பது."

அது அடங்கியது. கண் திறக்கவில்லை. மூன்றாவது நிமிடம் மறுபடி வந்தது. அது நிற்பதற்குள் அடுத்தது.

"மாத்திரை குடுத்தியாம்மா?" என்றார் டாக்டரம்மா.

கோவிந்தன் சொன்னான்: "நிறுத்திட்டோங்க. இந்த சார்தான் மாத்திரைதான் கெடுக்குதுன்னாரு. அன்னிக்கே ஓடைல கொட்டிட்டேன். பன்னெண்டு நாளா எப்படி இருந்தா தெரியுமா! பாட்டெல்லாம் பாடினா…"

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பெட்டிய எடு. ஊசி எத்தனை இருக்கு?"

"ரெண்டு."

"நரம்புல மெதுவாப் போடணும். ரெண்டு நிமிஷம் ஆகணும். பத்துப் பத்து நொடியா எண்ணு."

எண்ணினேன். பத்து. இருபது. முப்பது. அவர் கட்டை விரல் என் எண்ணிக்கைக்கு ஏற்ப நகர்ந்தது. முதல் ஊசிக்கு வலிப்பு தளர்ந்தது, நிற்கவில்லை. ஜீப்பில் ஏற்றினோம். கரீம் பாய் ஏற்கெனவே இஞ்சினை ஓடவிட்டிருந்தார். பின் இருக்கையில் சென்னம்மா, தலை ராமியின் மடியில். நானும் டாக்டரம்மாவும் தரையில். கோவிந்தன் முன்னால் ஏறிக்கொண்டு கதவைப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இரண்டாவது ஊசி போட்டார். மறுபடி எண்ணினேன். வலிப்பு நின்றது. உடம்பு துணி மாதிரி ஆனது.

"இப்ப மூச்ச எண்ணு. நிமிஷத்துக்கு எத்தனைன்னு சத்தமாச் சொல்லு. பத்துக்குக் கீழ வந்தா உடனே சொல்லு."

"பதினாலு."

வளைவு. "பன்னெண்டு."

என் வாய் சும்மா இருக்கவில்லை, வளைவையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "சார், வளைவ நான் பாத்துக்கறேன்" என்றார் கரீம் பாய் திரும்பாமலே. "நீங்க புள்ளைய எண்ணுங்க."

"பதினொண்ணு." எதிரே மரம் ஏற்றிய லாரி. கரீம் பாய் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. லாரிக்காரன் ஏதோ திட்டினான். "ஒத்திப் போய்யா! உயிர் போவுது இங்க!" என்று இவர் கத்தினார்.

"ஒம்பது."

டாக்டரம்மா அவள் தாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "எண்ணு."

"எட்டு."

"சென்னம்மா! மூச்சு விடு. சென்னம்மா!" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். ராமி மகளின் நெற்றியில் கை வைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த எண் அங்கிருந்துதான் வர வேண்டும். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினொரு நொடி ஆனது. அந்தப் பதினொன்றை நான் சத்தமாகச் சொல்லவில்லை.

"எட்டு… ஒம்பது. ஒம்பதுங்க டாக்டரம்மா."

ஆலங்காயத்தைத் தாண்டும்போது பத்து. வாணியம்பாடியில் ஆஸ்பத்திரி வாசலில் பன்னிரண்டு. மறுநாள் மதியம் கண் திறந்தாள். "கட்டை கீழ விழுந்துட்ச்சு" என்பதுதான் முதலில் சொன்னது.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "மொத நாள் அவங்ககிட்ட நீ சொன்னத எழுது. அன்னிக்கு மலைல சொன்னதையும் எழுது. சொன்ன மாதிரியே எழுது. திருத்தாதே." எழுதினேன். படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என் முதல் நோட்டில் இருக்கிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாத்திரை மறுபடி இரவில் மூன்று, மிச்சம் பிடிக்காமல். மூன்று மாதம் கழித்து, முகாம் இல்லாத ஒரு நாளில், சொல்லாமல் அவள் வீட்டுக்கே பலகையைச் சுமந்துகொண்டு போனேன். 24 நொடி. எண் 61. முழுக் குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்குக் குறை இருந்தது, கடைசிவரை இருக்கும். ஆனால் 61-க்குக் காப்பகத்தில் இடம் இல்லை. விண்ணப்பத்தை டாக்டரம்மா குறுக்கே அடித்தார். அடுப்பைச் சுற்றி இடுப்பளவு மண்சுவர் எழுப்பச் சொன்னார். கோவிந்தன் இரண்டே நாளில் கட்டினான்.

மாத்திரையைச் சென்னம்மாவே எடுத்துக்கொண்டாள். எண்பத்து நான்குவரை எண்ண அவளுக்கு வராது. நான் டப்பாவில் மாத்திரை போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மாத்திரைக்கு ஒரு புளியங்கொட்டை என்று ஒரு சட்டியில் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு இரவும் மூன்று மாத்திரை, மூன்று கொட்டை வெளியே. கடைசியில் சட்டியும் டப்பாவும் ஒன்றாகக் காலியாக வேண்டும். இந்த ஏற்பாட்டை யாரும் சொல்லித் தரவில்லை.

பலகையோடு வீட்டுக்குப் போன அன்று அவளிடம் கேட்டேன், அந்த மூன்று முகாமிலும் எப்படி இருந்தது என்று. அதுவரை கேட்டதில்லை.

"தண்ணிக்குள்ள உக்காந்துனு பாக்கறாப்பல இருந்துச்சு. கட்டை எங்க போவணும்னு தெரியும். கைதான் வர்ல. அழுவ வரும். அதுவும் வெளிய வர்ல."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க கட்டையத்தான கேட்டீங்க?"

இனி அந்த ஒன்று. நான் வாசலில் நின்று அதட்டியதை அன்று வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருந்தார்கள். நோட்டைப் புரட்டினேன். அந்த நாளிலிருந்து வலிப்பு மாத்திரையோடு நான் சோதித்த மலைப் பிள்ளைகள், சென்னம்மாவைச் சேர்க்காமல், பதினாறு பேர். வீடு வீடாகப் போனேன். ஒன்பது தாய்மார்கள் ராமி செய்ததையே செய்திருந்தார்கள். "சார் கோச்சுக்குவாருன்னுதான்" என்றாள் ஒருத்தி. ஐந்து மாதத்தில் பதினான்கு பேரை மறுபடி சோதித்தேன். ஆறு பேருக்கு எண் மாறியது.

மீதி இரண்டு பேர் ஏற்கெனவே என் எண்ணோடு காப்பகத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே போனேன். ஒருவரைச் சோதித்தேன், பழைய எண்ணேதான் வந்தது. இன்னொருத்தி எல்லம்மா, பன்னிரண்டு வயது, நான் மையில் எழுதிய எண் 44. இடம் போதாமல் அவளை வேறொரு காப்பகத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று பதிவேட்டில் இல்லை. ஊரில் கேட்டேன். அப்பா அம்மா பிழைப்புத் தேடிக் கீழே இறங்கியிருந்தார்கள், செங்கம் பக்கம் என்றார்கள், ஒடுகத்தூர் என்றார்கள். இரண்டு இடத்துக்கும் போனேன். பதினொரு காப்பகங்களுக்குக் கடிதம் எழுதினேன். ஏழு பதில் வந்தது, ஏழும் இல்லை என்று. ஓய்வு பெறும்வரை வருடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் தாய் மூன்று மாத்திரை கொடுத்தாளா, முப்பத்து நான்கு கொடுத்தாளா என்று எனக்குத் தெரியாது. 44 சரியாகவும் இருக்கலாம். நோட்டில் அந்த எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்திருக்கிறேன். அவளுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

நோட்டில் இருப்பவர்கள் 3,812. நான் சோதித்தவர்கள் 3,811. எல்லம்மாவை நான் இன்னும் சோதிக்கவில்லை.